ஆலைக் கூரையில் சூரிய மின்சாரம் கட்டுபடியாகுமா? டர்பன் வட்டாரத்துக்கான முழுக் கணக்கு வழிகாட்டி

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கூரையை அளந்துகொண்டு தொடங்குகிறார்கள். இத்தனை சதுர மீட்டர், அதனால் இத்தனை பேனல், அதனால் இத்தனை யூனிட், அதனால் இவ்வளவு சேமிப்பு என்று கணக்கு ஓடுகிறது. கூரை எவ்வளவு தரும் என்பது எளிய கேள்வி. தரும் நேரத்தில் ஆலை அதை வாங்கிக்கொள்ளுமா, அந்த நேரத்தில் ஒரு யூனிட்டின் விலை என்ன என்ற இரண்டும்தான் திட்டத்தை நிலைநிறுத்தும் அல்லது கவிழ்க்கும்.

அதனால் கீழே உள்ள வரிசையில் மீட்டர் முதலில் வருகிறது, கூரை பிறகு வருகிறது, பணம் கடைசியில் வருகிறது. செலவில்லாமல் 'முடியாது' என்று தெரிந்துகொள்ளக்கூடிய படிகளை முன்னால் வைத்திருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள பினிக்ஸ், பைன்டவுன், ஜேக்கப்ஸ், ப்ராஸ்பெக்டன் போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அமைப்புகளை மனதில் வைத்து எழுதியது இது.

1. முன்கூட்டியே திரட்ட வேண்டியவை

தொடர்ச்சியான 12 மாத மின் பில்கள். அதே 12 மாதங்களுக்கான அரைமணி நேர மீட்டர் பதிவு. ஆலையின் ஒற்றைக்கோட்டு மின் வரைபடம். கூரையின் கட்டமைப்பு வரைபடம். கட்டடம் வாடகை என்றால் குத்தகை ஒப்பந்தம். டீசல் ஜெனரேட்டர் இருந்தால் அதன் பெயர்ப்பலகைப் படம்.

பன்னிரண்டு மாதம் என்பதில் சமரசம் வேண்டாம். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நேரவாரிக் கட்டணத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் உயர்தேவைக் காலம், மற்ற ஒன்பது மாதங்கள் தாழ்தேவைக் காலம். நகராட்சி மின்சாரத்திலும் இந்தப் பிரிவு தொடர்கிறது. நான்கு மாத பில்லை மூன்றால் பெருக்கி ஆண்டுக் கணக்குப் போட்டால் எந்த நான்கு மாதம் கையில் சிக்கியதோ அதைப் பொறுத்து விடை மாறும்.

குத்தகையை முதல் நாளே படித்துவிடுங்கள். இன்னும் நான்கு ஆண்டு மட்டுமே மிச்சமுள்ள குத்தகையில், கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல், மேலே ஒரு படிகூடப் போகத் தேவையில்லை.

2. பில்லை உடையுங்கள்

மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து 'எங்களுக்கு யூனிட் இவ்வளவு ஆகிறது' என்று சொல்வது வழக்கம். அந்த எண்ணை இந்தக் கணக்கில் எங்குமே பயன்படுத்தாதீர்கள். அதற்குள் நிலைக்கட்டணம், ஆலை இழுத்த உச்சத் திறனுக்குக் கேவிஏ அடிப்படையில் போடப்படும் டிமாண்ட் கட்டணம், பீக் எனப்படும் உச்ச விலை நேர யூனிட் எல்லாம் கலந்திருக்கின்றன. சூரியன் அவற்றில் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை.

பில்லை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: பீக் யூனிட், ஸ்டாண்டர்ட் யூனிட், ஆஃப்-பீக் யூனிட், மற்றவை. வார நாளின் பகல் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் நேரம், அதாவது நடுத்தர விலை. சனி பிற்பகலும் ஞாயிறு பகலும் ஆஃப்-பீக், அதாவது ஆகக் குறைந்த விலை. டர்பனில் ஜூன் மாதம் சூரியன் உதிப்பது காலை 6.50 வாக்கில், மறைவது மாலை 5 மணி கடந்த கையோடு. விலை உச்சத்தில் இருக்கும் குளிர்காலக் காலைப் பீக்கிலும் மாலைப் பீக்கிலும் கூரை ஏறக்குறைய சும்மா இருக்கும்.

டிமாண்ட் கட்டணம் குறையும் என்று விற்பனையாளர் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது மாதத்தின் மிக உயர்ந்த ஒரே ஒரு அரைமணி நேரத்தைப் பிடித்துப் போடப்படுவது. இருபத்தொன்பது நாள் வெயில் அடித்து முப்பதாம் நாள் மேகம் மூடினால் அந்த மாதச் சேமிப்பு போய்விடும். முதல் கணக்கில் டிமாண்ட் சேமிப்பைப் பூஜ்யம் என்றே வையுங்கள். பிறகு ஏதாவது கிடைத்தால் கிடைக்கட்டும்.

3. அரைமணி நேரப் பதிவு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஓராண்டுக்கு 17,520 வரிகள் வர வேண்டும். பெரிய இணைப்புகளின் மீட்டர்கள் இதைத் தாமாகவே பதிவுசெய்கின்றன; மின்சாரம் தருபவரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பதிவே இல்லையென்றால் முதன்மை மின்பலகையில் ஒரு லாகரை (பதிவுக் கருவியை) மாட்டி ஆறு வாரமாவது ஓட விடுங்கள். அதற்குள் வார இறுதிகளும் ஒரு பொது விடுமுறையும் வந்தால் நல்லது. பிறகு மாத பில்லோடு ஒப்பிட்டு ஆண்டுக்கு விரித்துக்கொள்ளலாம்.

கோப்பு வந்ததும் நம்பிவிடக் கூடாது. மாதம் மாதமாகக் கூட்டி பில்லில் உள்ள யூனிட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சரியாக இரண்டு மடங்கு வருகிறதென்றால் அது கிலோவாட்டை யூனிட்டாக எண்ணியதன் விளைவு; சரியாகப் பாதிதான் வருகிறதென்றால் யூனிட்டைக் கிலோவாட்டாக எண்ணியது. அரைமணி நேரத்தில் 100 யூனிட் என்றால் சராசரி 200 கிலோவாட்.

அடுத்தது பூஜ்யங்கள். 2022, 2023 ஆண்டுகளின் பதிவைக் கையில் எடுத்தால் லோட் ஷெட்டிங் (சுழற்சி மின்வெட்டு) நேரமெல்லாம் மீட்டரில் பூஜ்யமாக இருக்கும். ஆலை அப்போது நின்றிருக்காது, ஜெனரேட்டரில் ஓடியிருக்கும். அந்தப் பூஜ்யங்களை அப்படியே விட்டால் பகல் சுமை உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்து சிறிய அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். முந்தைய வாரத்தின் அதே நாள், அதே நேர மதிப்பை நிரப்புங்கள். நிரப்பிய வரிகளுக்கு நிறம் இட்டு வையுங்கள்.

இப்போது நான்கு கோடுகள் வரையுங்கள்: சாதாரண வார நாள், சனி, ஞாயிறு, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையிலான ஆலை மூடல். நான்காவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பகல் ஆக நீளமாக இருக்கும் நாட்களில், சூரியன் காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிடும் நேரத்தில், ஆலையில் காவலாளியும் ஒரு குளிரறையும் மட்டுமே விழித்திருக்கும்.

வாரம் ஐந்து நாள் ஓடும் ஆலைக்கு வார இறுதி என்பது ஏழில் இரண்டு, அதாவது கூரை விளைச்சலில் ஏறத்தாழ 29 சதவீதம். குளிரறை, பேக்கரி, பிளாஸ்டிக் வார்ப்பு போல நாள் தவறாமல் ஓடும் தொழில்களுக்கு இந்தக் கவலை குறைவு. இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பவை கோயில் மண்டபங்களும் சமூகக் கூடங்களும். கூரை பரந்து கிடக்கும், கல்யாணமோ வார இறுதி மாலையில் நடக்கும். வார நாள் பகலில் ஒரு மின்விசிறிகூடச் சுற்றாது. கூரையைப் பார்த்து ஆசைப்படும் நிர்வாகக் குழுக்களுக்கு இந்தக் கோடுகளை வரைந்து காட்டினாலே போதும்.

4. கூரை தாங்குமா

550 வாட் பேனல் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர், எடை 27 முதல் 32 கிலோ. பேனலோடு தண்டவாளச் சட்டமும் கிளாம்பும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ கூடுதல் சுமை. கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் டர்பனின் எஃகுக் கூரைகள் பனிச்சுமைக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல; தகட்டைத் தாங்கும் பர்லின் சட்டங்களில் மிச்சத் திறன் பல நேரங்களில் சொற்பம். கணக்கைப் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். காற்று மேலே தூக்கும் விசைக்கான தென்னாப்பிரிக்கத் தேசியத் தரம் சான்ஸ் 10160-3. கூரையின் விளிம்புகளிலும் மூலைகளிலும்தான் அந்த விசை ஆக அதிகம், அதனால் அந்தப் பட்டைகளைக் காலியாக விடுவார்கள்.

கூரைத் தகட்டின் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபிஆர் தகட்டில் துளையிட்டு மாட்ட வேண்டும், ஒவ்வொரு துளையும் நாளைய ஒழுகல். மறைபிடிப்புள்ள க்ளிப்-லாக் வகையில் துளையில்லாமல் கிளாம்ப் போடலாம், ஆனால் அந்தத் தகட்டின் வடிவத்துக்கென்றே செய்த கிளாம்ப் வேண்டும்.

பழைய ஆலைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதில் துளையிடவோ ஏறி மிதிக்கவோ கூடாது. 2020-ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றல் விதிகளின்படி பதிவுபெற்ற ஒப்பந்ததாரர்தான் தொட முடியும். கூரை மாற்றும் செலவை முதலில் ஒரு வரியாக எழுதிவிட்டுத்தான் சூரியக் கணக்கைத் தொடர வேண்டும்.

தகட்டின் ஆயுள் இன்னும் 15 ஆண்டாவது இருக்க வேண்டும். பேனல்களை இறக்கி, கூரையை மாற்றி, மறுபடி ஏற்றும் செலவு எந்த அட்டவணையிலும் நல்லபடியாகத் தெரியாது.

கடற்கரைத் தொழிற்பேட்டைகளில் உப்புக்காற்று ஒரு தனிப் பகை. சாதாரண நாகப்பூச்சு போல்ட் சில ஆண்டுகளில் துரு ஏறும். அலுமினியத் தண்டவாளம், 316 தர எவர்சில்வர் போல்ட், இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தில் ரப்பர் தடுப்பு, பேனலுக்கு ஐஇசி 61701 உப்புமூட்டச் சான்று என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

குளிரறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுமைக் கோட்டில் அவைதான் முதல் மாணவர்கள். ஆனால் அவற்றின் கூரை பல இடங்களில் தீப்பற்றக்கூடிய நுரை நிரப்பிய பலகை. காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிடலாம், அல்லது பிரீமியத்தை ஏற்றலாம். அதனால் காப்பீட்டாளருக்கான கடிதம் இந்தப் படியிலேயே போக வேண்டும். பேனல் ஏறிய பிறகு போனால் பதில் எதுவாக இருந்தாலும் பயனில்லை.

கூரை மேல் செல்வோர் ஒளி ஊடுருவும் நார்த்தகடுகளை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நிறம் மங்கிப்போய் மற்றத் தகடு போலவே தெரியும், கால் வைத்தால் தரைவரை போகும். அளவெடுக்கும் நாளில் நடக்கும் விபத்துகளில் மோசமான வகை இதுதான்.

1 மெகாவாட்டுக்குப் பேனல் பரப்பு மட்டும் ஏறத்தாழ 4,700 சதுர மீட்டர். நடைபாதை, விளிம்பு, காற்றுச்சுழலி, நார்த்தகடு எல்லாம் கழித்தால் 6,000 சதுர மீட்டர் கூரை தேவை என்று வைத்துக்கொள்ளலாம்.

5. விளைச்சலைக் கணக்கிடுதல்

பிவிஜிஐஎஸ் என்ற இலவசக் கருவி போதும். ஆனால் அது வடகோளத்தில் பிறந்தது. அதில் திசைக்கோணம் 0 என்றால் தெற்கு. நமக்குச் சூரியன் வடக்கே இருப்பதால் வடக்கு நோக்கிய கூரைக்கு 180 என்று கொடுக்க வேண்டும். 0-வை அப்படியே விட்டுவிட்டு 'டர்பனில் வெயில் இவ்வளவு குறைவா' என்று வியப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது பொறி நேரம். கருவியின் மணிவாரிப் பட்டியல் உலகப் பொது நேரத்தில் வரும். தென்னாப்பிரிக்க நேரம் அதைவிட இரண்டு மணி முன்னால். திருத்தாமல் சுமைப் பதிவோடு ஒட்டினால் நண்பகல் உச்சம் காலை பத்துக்கு வந்து நிற்கும், விலைப் பிரிவும் பொருந்தாது.

தாழ்ந்த சரிவுள்ள டர்பன் கூரைகளில் ஒரு கிலோவாட் பேனலுக்கு ஆண்டுக்கு 1,350 முதல் 1,500 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். ஜோகன்னஸ்பர்க்கில் இதைவிடக் கூடுதல், அப்பிங்டனில் இன்னும் கூடுதல். அங்குள்ள எண்ணைக் காட்டி இங்கே விற்றால் ஏமாறாதீர்கள். குவாசுலு-நட்டாலில் கோடைதான் மழைக்காலம். மேகம் கோடை விளைச்சலைத் தின்றுவிடும், குளிர்காலம் தெளிவாக இருக்கும்.

ஆண்டுக்கு அரை சதவீதம் தேய்மானம் வையுங்கள். தூசிக்குத் தனிக் கழிவு வேண்டும். கரும்பு வெட்டும் பருவத்தில் தீ மூட்டிய தோட்டங்களிலிருந்து கருந்துகள் பறந்து வந்து படியும், அதைக் கழுவ அந்த மாதங்களில் மழையும் அதிகம் இருக்காது. டோங்காட், வெருலம் பக்கத்து ஆலைகள் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கழுவும் செலவை எழுதிவைக்கட்டும். மைனாக்கள் பேனலுக்கு அடியில் கூடு கட்டும். சுற்றிலும் கம்பிவலை போட்டால் தீர்ந்தது. இந்தியாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்து நன்றாகவே குடியமர்ந்துவிட்ட பறவை அது.

6. இரண்டையும் பொருத்தி அளவைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு விரிதாளில் 17,520 வரிகள். ஒரு பத்தி சுமை, ஒரு பத்தி சூரிய விளைச்சல், மூன்றாவது பத்தியில் இரண்டில் எது சிறியதோ அது. மூன்றாவது பத்தியின் கூட்டல்தான் உங்கள் ஆலை உண்மையில் பயன்படுத்தும் மின்சாரம். மிச்சம் வீண், அல்லது வெளியே அனுப்ப அனுமதி கிடைத்தால் குறைந்த விலைக்குப் போகும்.

பல அளவுகளுக்கு இதைச் செய்யுங்கள். ஓர் எடுத்துக்காட்டு ஆலையை எடுத்துக்கொள்வோம்: வார நாள் பகலில் 350 முதல் 450 கிலோவாட், வார இறுதியில் 120 கிலோவாட். பகல் யூனிட்டின் சராசரி விலை 1.70 ராண்ட், விளைச்சல் கிலோவாட்டுக்கு 1,420 யூனிட் என்று கொள்வோம். விலைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

400 கிலோவாட் அமைப்பு: செலவு 50 லட்சம் ராண்ட். விளைச்சல் 5,68,000 யூனிட், வீண் 10 சதவீதம், பயன்பட்டது 5,11,200. சேமிப்பு 8,69,040 ராண்ட், பராமரிப்பு 70,000 போக 7,99,040. போட்ட முதல் திரும்பி வர 6.3 ஆண்டு.

600 கிலோவாட்: செலவு 72 லட்சம். விளைச்சல் 8,52,000 யூனிட், வீண் 20 சதவீதம், பயன்பட்டது 6,81,600. பராமரிப்பு 90,000 போக நிகரச் சேமிப்பு 10,68,720. முதல் திரும்ப 6.7 ஆண்டு.

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று பெரியதை எடுப்பார்கள். கூடுதல் 200 கிலோவாட்டை மட்டும் தனியே பாருங்கள்: அதற்காக 22 லட்சம் கொடுத்து ஆண்டுக்கு 2,69,680 ராண்ட்தான் வாங்குகிறீர்கள். அந்தப் பகுதி திரும்ப 8.2 ஆண்டு ஆகும். சராசரி இதை மூடி மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் கடைசியாகச் சேர்த்த கிலோவாட் தன் செலவைத் தானே மீட்கிறதா என்று கேளுங்கள்.

அதே 600 கிலோவாட்டுக்கு வீணையும் பராமரிப்பையும் கழிக்காமல், எல்லாம் கலந்த பில் சராசரி 2.40 ராண்டைப் போட்டால் விடை 3.5 ஆண்டு என்று வரும். பளபளக்கும் பல விலைப்பட்டியல்களில் இருப்பது இந்தக் கணக்குதான்.

7. மின்பலகையும் பவர் ஃபேக்டரும்

எங்கே இணைப்பது என்று தேடுங்கள். முதன்மைப் பலகையில் காலியான பிரேக்கர் இடம் இருக்கிறதா, பலகைக்குள் மின்னோட்டத்தைப் பகிரும் பஸ்பார் பட்டை இரு பக்க மின்னோட்டத்தையும் தாங்குமா, கூரையிலிருந்து அதுவரை கேபிள் எத்தனை மீட்டர். ஞாயிற்றுக்கிழமை சுமை குறைந்திருக்கும்போது நீண்ட கேபிளின் முனையில் மின்னழுத்தம் ஏறி இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். ஆட்கள் இல்லாத நாளில் நடப்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மொத்தத் திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கை, தவறவிடாதீர்கள். ஆலை 420 கிலோவாட்டை 0.95-இல் இழுக்கிறது என்றால் கூடவே வேலை எதுவும் செய்யாமல் போய்வரும் எதிர்வினைத் திறன் 138 கேவிஏஆரும் இழுக்கிறது. கூரை 300 கிலோவாட் தந்ததும் வெளி மின்கட்டமைப்பிலிருந்து வருவது 120 கிலோவாட். 138 அப்படியே நிற்கிறது. மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.66 ஆகிவிடும். யாரும் எதையும் கெடுக்கவில்லை, ஆனால் எதிர்வினைக் கட்டணம் உள்ள இணைப்பில் பில் வரும்போது தெரியும். இன்வெர்ட்டரே எதிர்வினைத் திறன் தரும்படி அமைக்கலாம், அல்லது கப்பாசிட்டர் பேங்க்கை மறுபடி அமைக்கலாம். எதுவானாலும் முன்பே விலை கேட்டு வையுங்கள்.

8. மின்வெட்டும் ஜெனரேட்டரும்

பேட்டரி இல்லாத அமைப்பு மின்வெட்டில் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். கம்பியில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டருக்குள் வைத்த பாதுகாப்பு அது. இதை நிர்வாகத்திடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். லோட் ஷெட்டிங்குக்காகத்தான் பணம் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் யாராவது அந்த அறையில் நிச்சயம் இருப்பார்.

ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வைக்கலாம். அதற்குத் தனிக் கட்டுப்படுத்தி வேண்டும். டீசல் இயந்திரத்தை அதன் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் எரியாத எரிபொருள் புகைபோக்கியில் படியும். சூரிய மின்சாரம் மிஞ்சி அதற்குள் திரும்பிப் பாய்ந்தால் இன்னும் கேடு. சுமை 300, ஜெனரேட்டர் 500 என்றால் 150-ஐ அது எப்போதும் சுமக்க வேண்டும், கூரைக்கு மிச்சம் 150 மட்டுமே. பேட்டரியைத் தனித் திட்டமாகக் கணக்கிடுங்கள். இரண்டையும் ஒரே விலையாகக் கட்டினால் எது எதன் நட்டத்தைத் தாங்குகிறது என்று தெரியாது.

9. அனுமதிகள்

உற்பத்தி உரிமத்துக்கான 100 மெகாவாட் வரம்பு ஜனவரி 2023-இல் நீக்கப்பட்டது. அதனால் ஒன்றும் தேவையில்லை என்று பொருளல்ல. 100 கிலோவாட்டுக்கு மேற்பட்டதை மின்துறை ஒழுங்குமுறை அமைப்பான நெர்சாவில் பதிவு செய்ய வேண்டும். மின்சாரம் தருபவர் டர்பனின் இதெக்வினி நகராட்சியா எஸ்காமா என்று பார்த்து, அவரிடம் இணைப்பு விண்ணப்பம் போட வேண்டும். பதிவுபெற்ற மின் பொறியாளரின் கையெழுத்தும் சான்ஸ் 10142-1-இன்படியான இணக்கச் சான்றும் முடிவில் தேவை.

என்ஆர்எஸ் 097-2-3 என்ற ஆவணத்தில் தாழ்வழுத்த இணைப்புக்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது: பலரும் பகிரும் ஃபீடர் (மின்வழி) என்றால் உங்கள் அறிவிக்கப்பட்ட உச்சத் தேவையில் 25 சதவீதம், தனி ஃபீடர் என்றால் 75 சதவீதம். அதைத் தாண்டினால் தனி ஆய்வு கேட்பார்கள், மாதங்கள் ஓடும். ஆறாம் படியில் தேர்ந்த அளவை இந்த எண்ணோடு உடனே ஒப்பிடுங்கள்.

ஒப்புதல் கைக்கு வரும்முன் இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். அந்த மாடலுக்கு என்ஆர்எஸ் 097-2-1 சான்று இல்லையென்றால் அது கிடங்கில்தான் இருக்கும்.

10. வரியும் முதலும்

1 மெகாவாட்டுக்கு மிகாத சூரிய அமைப்பின் முழுச் செலவையும் வருமான வரிச் சட்டத்தின் 12பி பிரிவில் முதல் ஆண்டிலேயே கழிக்கலாம். அதற்கு மேல் 50, 30, 20 என்று மூன்று ஆண்டு. 125 சதவீதச் சலுகை 28 பிப்ரவரி 2025 வரை இயங்கத் தொடங்கியவற்றுக்கு மட்டுமே. பழைய விரிதாள்களில் அது இன்னும் ஒளிந்திருக்கிறது, தேடி எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். 27 சதவீத நிறுவன வரியில் மிச்சமாவதை விற்பனையாளர்கள் செலவிலிருந்து கழிப்பார்கள், சேமிப்பிலிருந்து அதே வரியைக் கழிக்க மாட்டார்கள். மின் பில்லும் வரியில் கழிக்கக்கூடிய செலவுதான். அது குறைந்தால் லாபமும் கூடி அதற்கு வரியும் கூடும். இரு பக்கமும் 0.73-ஆல் பெருக்கினால் மேலே கண்ட 6.3 ஆண்டு 6.3-ஆகவே நிற்கும்.

வேறொருவர் முதல் போட்டு யூனிட்டாக விற்கும் ஒப்பந்தம் என்றால் முதலில் பார்க்க வேண்டிய வரி: நீங்கள் எடுத்துக்கொள்ளாத யூனிட்டுக்கும் பணம் உண்டா. உண்டு என்றால் ஆறாம் படியின் வீண் முழுவதும் உங்கள் தலையில்தான்.

11. விலை கேட்கும்போது

உங்கள் சுமைப் பதிவை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கோப்பாகக் கொடுங்கள். பதிலுக்கு ஆண்டு மொத்தத்தை மட்டும் வாங்காமல் 8,760 மணிநேர விளைச்சல் பட்டியலையே கேளுங்கள். எந்த யூனிட் விலையில் சேமிப்பைக் கணக்கிட்டார்கள், எத்தனை சதவீதம் வீண் என்று எடுத்தார்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்டில் வரும் இன்வெர்ட்டர் மாற்றுச் செலவை எங்கே வைத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மணிவாரிப் பட்டியல் தர மறுப்பவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கோப்பைத் தனியே எடுத்து வைத்துவிடலாம்.